சொன்னது மணியன் இல்லை

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் பேத்தி கீர்த்தனாவும் வந்துவிட்டுப் போன மறுநாள் இதை எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு வியாழன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு கடிதம் எழுத நான்கு நாள் ஆவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் எழுத்து வராததால் தாமதமாகவில்லை. முதலில் எழுதிய தாள்களில் எல்லாம் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத்தான் பார்த்திருந்தேன், அதனால் கிழித்துப் போட்டேன். இந்தத் தாள்களை நகல் எடுத்து, கிரைண்டர் செய்கிற பட்டறைக்காரர்கள் மாதம் ஒருமுறை தங்களுக்குள் அச்சடித்துக்கொள்ளும் நாலு பக்கப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லி முடித்துக்கொள்ளக்கூடிய விஷயமாக இது இல்லை. படிக்கிற மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்.

ஞாயிறன்று நீ வந்தது என்னைப் பார்க்க மட்டும் இல்லை. உன் மாமன், என் தம்பி ரங்கசாமியின் பெரியநாயக்கன்பாளையம் பட்டறையை உன் கம்பெனிக்கு எடுத்துக்கொள்ள நினைக்கிறாய். "ஆறு லேத்துல ரெண்டுதாம்மா ஓடுது. எங்கிட்டக் குடுத்துட்டா மாமாவுக்கும் நிம்மதி. நான் பேசுனா மொகத்தத் திருப்பிக்குவாரு. நீங்க ஒருக்காப் போய்ச் சொன்னீங்கன்னா ஒத்துக்குவாரு" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் கீர்த்தனா குறுக்கே வந்தாள். அவள் என்ஜினீயரிங் கடைசி வருடம் படிப்பதை இந்தத் தெருவில் நான் சொல்லாத வீடு இல்லை. கேட்டுக் கேட்டுப் பால்காரருக்கே அவள் பாடத்தின் பெயர் மனப்பாடம். "அப்பத்தா, காலேஜ்ல அப்பாவப் பத்திப் பேசப்போறேன். மாவு சூடாகாத கிரைண்டர ரெண்டு வருசம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சோம்னு அப்பா பேட்டில சொன்னாரில்ல? அப்ப நீங்க கூடவேதான இருந்தீங்க, பாத்ததச் சொல்லுங்க" என்று கைபேசியை என் வாய்க்கு நேரே நீட்டினாள். நீ உன் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தாய். நான், "எனக்கென்ன கண்ணு தெரியும், நாஞ் சோறாக்கறவ" என்றேன். பேத்தியிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று சொல்ல ஆசைதான். ஆனால் மூன்று வருடமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அதே பொய்தான்.

நீ பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்தபோது உன் அப்பா காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. கணபதியில் நாம் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, "இனி ஊட்ல உக்காந்தே கடை நடத்தப்போறேம்மா" என்றாய். கடை என்றால் அலமாரியும் படியேறி வருகிற ஆட்களும் என்று நினைத்திருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ விற்ற முதல் சாமான் உன் மாமனின் கிரைண்டர். நாக்பூரில் யாரோ ஓர் அம்மாள் படத்தைப் பார்த்தே வாங்கினார். வழியில் கல் உடைந்துவிடக்கூடாது என்று பழைய மெத்தையைக் கிழித்துப் பஞ்சை எடுத்துப் பெட்டிக்குள் அடைத்தது நான். மேலே சாக்கு வைத்துத் தைத்ததும் நான். ஸ்கூட்டரின் முன்னால் அதை நிறுத்தி, கால்களைப் பரப்பிக்கொண்டு நீ பார்சல் ஆபீசுக்கு ஓட்டிப் போனதைப் பார்த்து உன் மாமன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன் மாப்ளே, மொகந்தெரியாத சனம் எங் கல்ல நம்பி வாங்குதா? நம்மூர்க்காரன் நாலு தட்டுத் தட்டிப் பாத்துப்போட்டு வேண்டாங்கறானே!" அவனுக்கு அன்றைக்கு இருந்த பெருமை எனக்குக்கூட இருந்ததோ என்னவோ.

பிறகு நீ வளர்ந்த வேகம் எல்லோருக்கும் தெரியும். மதுக்கரையில் குடோன், வேன்கள், டிவிப் பேட்டி, கல்லூரிகளில் பேச்சு. உன்னைத் திட்டுகிறவர்களும் கூடவே வந்தார்கள். மழையிலும் இத்தனை வீட்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நீ போட்ட சட்டத்தை எதிர்த்து வண்டிக்காரர்கள் உன் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். எது நன்றாக விற்கிறதோ அதை நீயே உன் பெயரில் செய்து முதலில் காட்டுகிறாய், மற்றவர்கள் சாமானைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறாய் என்று பட்டறைக்காரர்கள் கறுப்புக் கொடி பிடித்தார்கள். அப்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு உன் பக்கம் நின்றேன். கோயிலில் ஒருத்தி ஏதோ சொல்லப்போக, "என்ர மகனால எத்தன ஊட்ல அடுப்பெரியுதுன்னு தெரியுமா உனக்கு?" என்று சாமி முன்னாலேயே சண்டைக்குப் போனேன். எரிகிற அடுப்பை எண்ணினேனே தவிர, அணைந்த அடுப்பு ஏதாவது உண்டா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பட்டறைக்காரர்களை உன்னிடம் கூட்டிவந்தது யார்? ஆரம்பத்தில் அவர்கள் வரவில்லை. அளவு, படம், மாதம் எத்தனை போகிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒருத்தன் கையில் கொடுப்பதா என்று தயங்கினார்கள். துடியலூர் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது நீ என்னை முன்வரிசையில் உட்கார வைத்தாய். நான் எழுந்து, "எம் பையன்தானுங்க. என்னைய நம்பிக் குடுங்க" என்றேன். உன் மாமனே யோசித்தான். அப்போது அத்தனை பேர் முன்னால் நான் ஒன்று சொன்னேன். "ரங்கு, உன்ர கல்யாணத்துல இணைச்சீருக்கு நின்னவ கேக்கறேன்." நம் பக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும் முன்பு அவன் கூடப் பிறந்தவள்தான் கூறைப்புடவையைக் கையில் ஏந்தி அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்படி நின்றவள் வாய்விட்டு ஒன்று கேட்டால் தம்பி மறுக்க மாட்டான். அந்த உரிமையை அதற்கு முன்னால் நான் ஒரு முழம் பூவுக்குக்கூட எடுத்து நீட்டியதில்லை. அவன் தலையை ஆட்டினான். அவன் ஆட்டியதும் மற்றவர்களும் ஆட்டினார்கள்.

இது ஒரு தப்பு. இதைவிடப் பெரியது இனிமேல்தான் வருகிறது.

மாமன் கிரைண்டரில் மாவு சூடேறாது. அதுதான் அதற்கு இருந்த நல்ல பெயர். எவ்வளவு நேரம் ஓடினாலும் மாவு குளுகுளுவென்று இருக்கும், இட்லி பூப்போல வரும். அதற்காக அவனும் அவன் பட்டறை ஃபிட்டர் மணியனும் ஒரு மழைக்காலம் முழுக்கப் பாடுபட்டார்கள். பட்டறையில் எங்கே மாவரைப்பது? என் சமையலறைக்குத்தான் கொண்டுவருவார்கள். நான் அரிசி ஊறப்போட்டு வைத்திருப்பேன். மணியன் கல்லை மாட்டுவார், ஓட்டுவார், நான் கையை விட்டுப் பார்த்து, "சுடுதுங்க" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே கழற்றுவார். "அம்மணி கையில பாஸாகறதுக்கு எங்க வாத்தியார்கிட்டயே பாஸாயிருக்கலாம்" என்பார். கடைசியில் கண்டுபிடித்தார்கள். இரண்டு உருளைக் கல்லையும் ஒரே மாதிரி இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கி, மற்றதைத் துளி தளர்த்திவிட வேண்டும். ஒன்று அரைக்கும், மற்றது மாவைப் புரட்டிவிடும். அவ்வளவுதான் சூட்சுமம். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர்: மாமன், மணியன், நான்.

நீ உன் பெயரில் கிரைண்டர் போட்டபோது முதலில் வந்ததெல்லாம் திரும்பி வந்தன. மாவு சுடுகிறது, சீக்கிரம் புளிக்கிறது என்று வாங்கியவர்கள் எழுதினார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நீ ஒரு மிஷினைத் தூக்கிக்கொண்டு என் சமையலறைக்கு வந்தாய். கன்னம் ஒட்டிப்போயிருந்தது உனக்கு. "படிச்ச பசங்க பத்துப் பேரு உக்காந்து பாத்துட்டாங்கம்மா, ஒண்ணும் புடிபடல. இது நின்னுபோச்சுன்னா நானும் நின்னுபோனாப்லதான்" என்றாய். நான் அரிசி போட்டு ஓட்டினேன். கையை விட்டேன். சுட்டது. பிறகு நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். உன் மாமன் முகம் வந்தது. உன் ஒட்டிய கன்னமும் முன்னால் இருந்தது. மிஷினை நிறுத்தி, "ஒரு கல்லக் கொஞ்சம் தளத்திப்போடு கண்ணு" என்றேன். எவ்வளவு என்பதையும் விரல் நகத்தை வைத்துக் காட்டினேன். நீ ஓட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாய். கல்யாணமான பிறகு நீ என்னைக் கட்டிக்கொண்டது அன்றைக்குத்தான். அந்தச் சந்தோஷத்தில் சாயந்திரம் வரைக்கும் நான் செய்தது என்னவென்றே எனக்கு உறைக்கவில்லை.

உன் பேட்டியில் வரும் இரண்டு வருட ஆராய்ச்சி அந்த ஒரு மத்தியானம்தான்.

மூன்று மாதம் கழித்து உன் மாமன் வந்தான். உன் கிரைண்டரை உன் இணையதளத்திலேயே ஆர்டர் போட்டு வாங்கி, பிரிக்காத பெட்டியோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். என் கண் முன்னாலேயே ஸ்பேனர் போட்டுக் கழற்றினான். "அக்கா, இங்க பாருங்க. ஒண்ணு இறுக்கம், ஒண்ணு தளத்தம். அச்சு அசல் எங் கல்லு." அவன் என் முகத்தைப் பார்த்து, அவனுக்காகத்தான் நான் பதறுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "உள்ளாளு சொல்லாம இது நடக்காதுங்க்கா" என்றான். அப்போது நான் வாயைத் திறந்து சொன்ன வார்த்தை இதுதான்: "யாராச்சும் சொல்லாம எப்படித் தெரியும்?" அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "மணியனத் தவுத்து யாருக்குக்கா தெரியும்?" என்றான். மூன்றாவதாக ஓர் ஆள் இருப்பது அவனுக்கு மறக்கவில்லை. அக்காளை அந்தக் கணக்கில் சேர்க்க அவனுக்கு மனம் வரவில்லை. நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் நின்றேன். திரும்பி வந்தபோது அவன் போய்விட்டிருந்தான்.

மறுவாரமே மணியனை நிறுத்திவிட்டான். இருபத்தாறு வருடம் கூட இருந்தவர். பட்டறைக்காரர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டதில் வேறு எங்கும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. காட்டிக்கொடுத்தவனை யார் உள்ளே விடுவார்கள்? இது உனக்கும் தெரியும். மாமன் வீட்டுக் காதுகுத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனே உன்னிடம் சொன்னான். நீ இலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. காரில் வரும்போது நான் கேட்டேன். "பாவமில்லையா கண்ணு அந்தாளு?" நீ, "மாமா யார வெக்கறாரு, யார அனுப்பறாருங்கறது அவர் தொழிலும்மா. நாம எதுக்கு அதுல?" என்றாய். உன் பதில் தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது எனக்கு வசதியாக இருந்தது. மகனே சொல்லிவிட்டான் என்று அதைப் பிடித்துக்கொண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டேன்.

நீ சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பந்தால் உடைத்தபோது, "எம்பையன் மத்தியானமிருந்து ஊட்டுக்குள்ளதான் இருந்தான்" என்று அவர்கள் முகத்துக்கு நேரே சாதித்தேன். கதவிடுக்கில் நின்று நீ என்னை எப்படிப் பார்த்தாய் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. உனக்கு வருகிற கெட்ட பெயரை என் வாயால் துடைத்துவிட முடியும் என்று உனக்குப் பழக்கிவிட்டவள் நான்தான். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்லி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறி மாமன் பட்டறைக்குப் போனேன். நீ அனுப்பித்தான் வந்திருக்கிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். "வாங்க்கா. மாப்ள வெல பேசச் சொன்னானாக்கும்?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சு வந்துவிடும். "ரங்கு, மணியன் சொல்லல. நாந்தான் சொன்னேன்" என்றேன். நின்றபடியே முழுவதையும் சொல்லி முடித்தேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது, அவன் கை காட்டியதும் அதை நிறுத்தினார்கள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "காபி போடறேன்னு உள்ள போனீங்களே, அப்பவேவா தெரியும்?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "செருப்பப் போடுங்க, போலாம்" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை மட்டும் எனக்கு விட்டான்.

மணியன் இப்போது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன். அன்றைக்கு அவருக்கு விடுமுறை. எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றார். நான்தான் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். "நான் அப்பவே நெனச்சனுங்க அம்மணி. மூணு பேர்ல ரெண்டு பேர் இல்லீன்னா மூணாவதுதான?" என்றார். பின்னே ஏன் அப்போதே சொல்லவில்லை என்று மாமன் கேட்டான். "உங்கக்காவச் சொன்னா நம்பியிருப்பீங்களாக்கும்? அதுக்கும் சேத்துல்ல திட்டியிருப்பீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முன்பு என் சமையலறையில் சிரித்தது போலவே இருந்ததுதான் என்னால் தாங்க முடியவில்லை. மாமன் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நாளைக்கே பட்டறைக்கு வந்துருங்க மணியா" என்றான். அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"பட்டறைக்கு வாரது அப்பறம் பாத்துக்கலாமுங்க. எனக்கு ஒண்ணு பண்ணுனாப் போதும். உள்ள எம்பொண்டாட்டி இருக்கறா. அவகிட்ட ஒருக்காச் சொல்லிப்போடுங்க. மூணு வருசமா அவளும் நாந்தான் வாய் தவறிச் சொல்லியிருப்பேன்னு நெனச்சுட்டு இருக்கறா. வாய்விட்டுக் கேட்டதில்லீங்க. ஆனா நெனைக்கறா."

உள்ளே போனேன். அவர் மனைவி சரசாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். என் மகனுக்காகச் சொன்னேன் என்றும் சொன்னேன். அவர் கீரையை விட்டுக் கையை எடுக்கவே இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, "உங்க பையன் வரலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அவரு சொன்னாத்தானுங்க ஊரு நம்பும். நீங்க சொன்னா, அந்தம்மா வயசான காலத்துல எதோ பேசுதுன்னு போயிருவாங்க" என்றார். அவர் சொன்னது சரி. அதனால்தான் இதைப் பேச்சோடு விடாமல் எழுதி, கையெழுத்துப் போட்டு, அச்சுக்கும் கொடுக்கிறேன். ஆனாலும் அது பாதிதான்.

பட்டறையைக் கேட்டு நான் மாமனிடம் போக மாட்டேன், கண்ணு. வேண்டுமென்றால் நீயே போய்க் கேள், அவன் கொடுத்தாலும் சரி, துரத்தினாலும் சரி. கீர்த்தனாவை நேற்றே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "மணியன் தாத்தாவுக்கு போன் இருக்குதா அப்பத்தா?" என்று கேட்டாள். நம்பரைக் கொடுத்தேன். காலேஜில் அவள் என்ன பேசப்போகிறாள் என்று எனக்குத் தெரியாது. உன்னிடம் கேட்காமல் பேச மாட்டாள் என்று மட்டும் தெரியும். அவள் கேட்பதற்குள் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

மணியன் வீடு துடியலூர் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்து. உன் கார் உள்ளே நுழையாது, முனையிலேயே நிறுத்திவிட்டு நட. கம்பெனி ஆள் யாரையும் கூட்டிப் போகாதே, பழக்கூடை எதுவும் வாங்கிப் போகாதே. நீ தட்டினால் சரசாள்தான் கதவைத் திறப்பார். டிவியில் பார்த்திருந்தாலும் யாருங்க என்று கேட்பார். என் பெயரைச் சொல்லி, இன்னார் மகன் என்று சொல். உட்காரச் சொன்னால் உட்கார், சொல்லாவிட்டால் நின்றுகொண்டே பேசு. அவர் திட்டினால் முழுவதும் திட்டி முடிக்கட்டும். நடுவில் எனக்கு போன் செய்யாதே. செய்தாலும் இந்தத் தடவை உனக்காக நான் பேச மாட்டேன்.

உன் அம்மா